யார் சோதித்தார்கள், யார் அனுப்பினார்கள்?

இரவில் கைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர், காலையில் எடுத்துப் பார்த்தால் நாலைந்து செயலிகள் புதுப்பிக்கப்பட்டிருக்கின்றன. என்ன மாறியது என்று தேடினால் "சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன" என்று ஒற்றை வரி. வங்கிச் செயலிக்கும் அதே வரி, ரயில் டிக்கெட் செயலிக்கும் அதே வரி. கோடிக்கணக்கானோர் அன்றாடம் தொட்டுப் பயன்படுத்தும் ஒன்றை இப்படி மாற்றிக்கொண்டே இருக்கிறார்களே, மாற்றியது ஒழுங்காக ஓடுகிறதா என்று யார்தான் பார்த்தார்கள்?

செயலியை வெளியிட்ட நிறுவனம் பார்த்திருக்கும் என்பது பாதி விடை. அந்தச் செயலிக்குள் இருக்கும் நிரலில் பெரும்பகுதியை அந்த நிறுவனம் எழுதவே இல்லை. படத்தைச் சுருக்க ஒன்று, தேதியைக் கணக்கிட ஒன்று, தரவைச் சேமிக்க ஒன்று என்று யார் யாரோ எழுதிப் பொதுவில் வைத்த நிரல்களை எடுத்துக் கோத்திருக்கிறது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று எழுதி வைக்கப்படும் இத்தகைய நிரல் தொகுப்பை இந்த அத்தியாயத்தில் நிரலகம் என்று அழைப்போம். பல நிரலகங்களைப் பராமரிப்பவர் ஒரே ஓர் ஆள். சம்பளம் கிடையாது. பகலில் வேறு வேலை. அப்படிப்பட்டவர் மாதத்துக்கு இரண்டு முறை புதிய பதிப்பு வெளியிடுகிறார், உலகமெங்கும் அதை நம்பி எடுத்துக்கொள்கிறார்கள். இது எப்படி நடக்கிறது?

பதினொரு வரி

2016 மார்ச் 22 அன்று உலகின் பல மூலைகளில் நிரலாளர்களின் கணினிகளில் ஒரே பிழைச் செய்தி வந்தது. 'லெஃப்ட்-பேட்' என்ற நிரலகத்தைக் காணவில்லை.

அது செய்யும் வேலை மிகச் சிறியது. ஒரு சொல்லோ எண்ணோ வேண்டிய நீளத்துக்கு வரும்வரை இடப்பக்கத்தில் வெற்றிடத்தையோ சுழியத்தையோ நிரப்பும். 5 என்று கொடுத்தால் 005 என்று தரும். மொத்தமே பதினொரு வரி. அதை எழுதிய அஸெர் கோச்சுலுவுக்கும் 'கிக்' என்ற செய்திச் செயலி நிறுவனத்துக்கும் வேறொரு நிரலகத்தின் பெயரை முன்னிட்டுத் தகராறு மூண்டது. ஜாவாஸ்கிரிப்ட் நிரலகங்களின் பொதுக்கிடங்கான என்பிஎம், பெயரை நிறுவனத்துக்கே கொடுத்தது. கோச்சுலு தன்னுடைய 273 நிரலகங்களையும் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். அந்தப் பதினொரு வரியை 'பேபல்' என்ற புகழ்பெற்ற கருவி நேரடியாக அல்லாமல் இன்னொன்றின் வழியாக நம்பியிருந்தது. பேபலை ஆயிரக்கணக்கானோர் நம்பியிருந்தார்கள். சுமார் இரண்டரை மணி நேரம் கழித்து என்பிஎம் அந்த வரிகளைத் திரும்பக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் நிலைமை சீரானது. வெளியிட்டு 24 மணி நேரம் கடந்த ஒன்றை ஆசிரியர் நினைத்தவுடன் நீக்க முடியாது என்ற விதியும் அதற்குப் பிறகு வந்தது.

பதினொரு வரி காணாமற்போனதற்கே இப்படி என்றால், அவை தவறாக மாறியிருந்தால் என்ன ஆகும்? காணாமற்போனது உடனே தெரிந்துவிடும். தவறான விடை தரும் நிரலகம் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் பொதுக்கிடங்குக்குப் போகும் ஒவ்வொன்றும் இரண்டு கட்டங்களைத் தாண்ட வேண்டியிருக்கிறது: சோதனை, வெளியீடு.

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து?

ஒரு சிறு நிரலகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் 'எழுத்தெண்ணி'. தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் அதில் எத்தனை எழுத்து என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். (இத்தகைய வேலைகளுக்கு 'ஓப்பன்-தமிழ்' என்ற நிரலகம் பைத்தான் மொழியில் உண்மையாகவே உண்டு.)

'தமிழ்' என்பதில் மூன்றெழுத்து என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். கணினியைக் கேட்டால் ஐந்து என்கிறது. யூனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து தனித்தனிக் குறிகளாகத்தான் அந்தச் சொல் சேமிக்கப்படுகிறது. ஆகவே எழுத்தெண்ணியின் ஆசிரியை, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எண்ணாமல் விட்டுவிடு என்று நிரல் எழுதுகிறார். ஓட்டிப் பார்க்கிறார். மூன்று என்று வருகிறது.

வேலை முடிந்தது என்று எழுந்து போகலாம். கைதேர்ந்த நிரலாளர் போவதில்லை. தான் இப்போது கண்ணால் பார்த்துச் சரி என்று சொன்னதையே இன்னொரு சிறு நிரலாக எழுதி வைக்கிறார்: 'தமிழ்' கொடுத்தால் 3 வர வேண்டும், வராவிட்டால் கத்து. 'அ' கொடுத்தால் 1. ஒன்றுமே கொடுக்காவிட்டால் 0. இப்படி நிரலைச் சோதிக்க எழுதப்படும் நிரலுக்குத்தான் சோதனை என்று பெயர். இந்தப் பழக்கத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் கென்ட் பெக். 1997-இல் ஜூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்கு ஒரு மாநாட்டுக்காகப் பறந்தபோது, அவரும் சக நிரலாளர் எரிக் காமாவும் விமானத்திலேயே ஜாவா மொழிக்கான சோதனைக் கருவியை எழுதத் தொடங்கினார்கள். அதுதான் 'ஜேயூனிட்'. பிற்பாடு பல மொழிகளில் வந்த சோதனைக் கருவிகளுக்கு அது முன்மாதிரி.

எழுத்தெண்ணிக்கு வருவோம். 'கொடி' என்ற சொல் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் யூனிகோடில் அதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரு குறிகளாகவும் வைக்கலாம். முதல் வகையில் சொல்லுக்கு நான்கு குறிகள், இரண்டாவதில் ஐந்து. இரண்டுக்கும் விடை 2 என்றுதான் வர வேண்டும். ஆசிரியை இரண்டு வடிவத்துக்கும் ஒவ்வொரு சோதனை எழுதுகிறார்.

அடுத்து 'பக்ஷி'. இங்கே கணினி உதவாது. க்ஷ என்பதை ஓரெழுத்தாகக் கொண்டால் விடை 2, க் என்றும் ஷ என்றும் பிரித்தால் 3. இரண்டுக்கும் வாதம் உண்டு. ஆசிரியை யோசித்து 2 என்று முடிவு செய்கிறார், சோதனையில் பதிகிறார். சோதனைகளின் உண்மையான மதிப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. எது சரி என்று ஒரு மனிதர் எடுத்த முடிவு, அவர் மறந்துபோன பிறகும், அவர் விலகிப்போன பிறகும், கணினிக்குப் புரியும் வடிவில் அங்கேயே இருக்கிறது.

ஆறு மாதம் கழித்து முகம் தெரியாத ஒருவர் உதவிக்கு வருகிறார். எழுத்தெண்ணியை இரண்டு மடங்கு வேகமாக்கிவிட்டேன் என்று ஒரு மாற்றத்தை அனுப்புகிறார். நிரல் அழகாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னும் அதிகபட்சம் ஒரு குறிதான் வரும் என்று அவர் நினைத்துவிட்டார். 'தமிழ்' 3 தருகிறது, 'பக்ஷி' 2 தருகிறது. இரண்டாம் வகைக் 'கொடி' மட்டும் 3 என்கிறது. படித்துப் பார்க்கும் எந்தக் கண்ணுக்கும் இது தப்பியிருக்கும். சோதனைக்குத் தப்பவில்லை.

இதை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதற்கு 'எஸ்க்யூலைட்' ஓர் உதாரணம். தரவைச் சேமிக்கும் இந்த நிரலகம் ஆண்ட்ராய்டு, ஐஃபோன் கைபேசிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதன் ஆவணங்கள் தரும் கணக்குப்படி, நிரலகத்தின் அளவைப் போல ஏறத்தாழ 590 மடங்கு சோதனை நிரல் எழுதப்பட்டிருக்கிறது.

ஓட்ட மறக்காத இயந்திரம்

சோதனைகளை எழுதி வைத்தால் மட்டும் போதாது, ஓட்ட வேண்டும். அவசரத்தில் இருப்பவர் ஓட்ட மாட்டார். "ஒரு வரிதானே மாற்றினேன்" என்பார். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கோசுகே கவாகுச்சிக்கு இதே தொல்லைதான். அவர் செய்த மாற்றங்கள் அடிக்கடி மற்றவர்களின் வேலையை நிறுத்தின. மாற்றம் எதுவானாலும் உடனே தானாகச் சோதனைகளை ஓட்டி விடை சொல்லும் கருவி ஒன்றை 2004 வாக்கில் எழுதத் தொடங்கினார். 'ஹட்சன்' என்று பிறந்து 2011-இல் 'ஜென்கின்ஸ்' என்று பெயர் மாறிய அந்தக் கருவி இன்றும் நிறுவனங்களில் ஓடுகிறது. ஒவ்வொருவரின் மாற்றத்தையும் அவ்வப்போதே பொது நிரலுடன் சேர்த்துச் சோதிக்கும் இந்த வழக்கத்தைத் தொடர் ஒருங்கிணைப்பு என்கிறார்கள்.

தனியொருவராக நிரலகம் பராமரிப்பவருக்கு இதற்கென்று கணினி வாங்கி ஓட்ட வசதி ஏது? 2011-இல் பெர்லினில் தொடங்கிய 'டிராவிஸ் சிஐ' பொதுவில் வைக்கப்படும் நிரலகங்களுக்கு இந்தச் சேவையை இலவசமாகத் தந்தது. நிரல்களைப் பொதுவில் வைக்க உதவும் தளமான கிட்ஹப், 2019 முதல் தன்னுடைய 'ஆக்‌ஷன்ஸ்' வசதி மூலம் அதையே தருகிறது. ஆசிரியை செய்ய வேண்டியது, என்னென்ன படிகள் என்று ஒரு சிறு கோப்பில் எழுதி நிரலோடு வைப்பதுதான். யாராவது மாற்றம் அனுப்பியவுடன் எங்கோ ஒரு தரவு மையத்தில் புத்தம்புதிய மெய்நிகர் கணினி ஒன்று எழும்பி, நிரலை இறக்கி, சோதனைகளை ஓட்டி, பச்சை அல்லது சிவப்புக் குறியைக் காட்டிவிட்டு அழிந்துபோகும்.

ஒரு கணினி எதற்கு? லினக்ஸ், விண்டோஸ், மேக் என்று மூன்று. ஒவ்வொன்றிலும் பைத்தானின் ஐந்து பதிப்புகள். பதினைந்து கணினிகள் ஒரே நேரத்தில் எழும்பும். இந்தப் பதினைந்தும் ஆடம்பரம் என்று நினைத்தால் தவறு.

எழுத்தெண்ணிக்கு ஒருவர் புதிய வசதி எழுதி அனுப்புகிறார்: ஒரு முழுக் கோப்பைக் கொடுத்தால் அதிலுள்ள எழுத்துகளை எண்ணித் தரும். அவருடைய மேக் கணினியில் கச்சிதமாக ஓடுகிறது. பதினைந்தில் பத்து பச்சை, ஐந்து சிவப்பு. சிவப்பு ஐந்தும் விண்டோஸ். காரணம் விசித்திரமானது. கோப்பு எந்தக் குறியீட்டு முறையில் எழுதப்பட்டது என்று சொல்லாவிட்டால், மேக்கிலும் லினக்ஸிலும் பைத்தான் அதை யுடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்ளும். விண்டோஸிலோ மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கென உருவான பழைய எழுத்து அட்டவணையைக் கொண்டு படிக்கப் பார்க்கும். தமிழ்ப் புள்ளி யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அவற்றில் மூன்றாவது பைட்டுக்கு அந்தப் பழைய அட்டவணையில் எந்த எழுத்தும் ஒதுக்கப்படவில்லை. கோப்பில் முதல் புள்ளி வந்ததும் நிரல் விழுந்துவிடுகிறது. குறியீட்டு முறை இன்னது என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. மேக் மட்டும் வைத்திருப்பவருக்கு இந்தப் பிழை ஒருநாளும் தெரிய வந்திருக்காது. விண்டோஸில் தமிழ் தட்டச்சு செய்யும் ஆசிரியருக்கும் பதிப்பகத்தாருக்கும்தான் தெரிய வந்திருக்கும், அதுவும் வேலை கெட்ட பிறகு.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. சில சோதனைகள், நிரலில் ஒன்றும் மாறாமலே, ஒருமுறை பச்சையும் மறுமுறை சிவப்புமாகக் காட்டும். வலையிணைப்பு தாமதித்ததோ, கடிகாரம் நள்ளிரவைத் தாண்டியதோ காரணமாக இருக்கலாம். கூகுளின் சோதனைகளில் ஏறத்தாழ 16 விழுக்காட்டில் இந்தத் தடுமாற்றம் ஓரளவு இருந்ததாக அந்நிறுவனத்தார் 2016-இல் எழுதினார்கள். வீணாகச் சிவப்புக் காட்டும் சோதனையை யாரும் சீந்த மாட்டார்கள். உண்மையான சிவப்பும் அந்த அலட்சியத்தில் மறைந்துபோகும். தடுமாறும் சோதனையைத் திருத்துவது அல்லது தூக்கி எறிவது, இரண்டில் ஒன்றை அன்றைக்கே செய்துவிட வேண்டும்.

எட்டாவது கணினி

சோதித்தாகிவிட்டது. இனி அனுப்ப வேண்டும். இதில் கைவேலை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு நிரலகங்களுக்கு வெளியிலிருந்து ஒரு நிகழ்ச்சி. நைட் கேப்பிடல் என்பது அமெரிக்கப் பங்குச் சந்தையின் பெரிய தரகு நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1 அன்று செயல்படவிருந்த புதிய நிரலை அதன் எட்டு சர்வர்களிலும் ஏற்ற வேண்டியிருந்தது. கையால் ஏற்றிய தொழில்நுட்பப் பணியாளர் ஒன்றில் ஏற்றாமல் விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை. சந்தை திறந்ததும் எட்டாவது கணினியில், பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு 154 நிறுவனங்களின் பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. 45 நிமிடத்தில் நட்டம் 46 கோடி டாலரைத் தாண்டியது.

அந்த நிரல் எழுதப்பட்டதில் இருந்த குறைகள் ஒருபுறம் இருக்கட்டும். எட்டு முறை ஒரே வேலையைச் செய்யும்படி ஒரு மனிதரிடம் விட்டதுதான் அடிப்படைத் தவறு. மனிதர்கள் அதற்கு ஏற்றவர்கள் அல்லர்.

எழுத்தெண்ணியின் ஆசிரியை 1.3.0 என்ற பதிப்பைக் கையால் வெளியிடுவதாக வைத்துக்கொள்வோம். பதிப்பெண்ணை மாற்ற வேண்டும், மாற்றப் பட்டியல் எழுத வேண்டும், எல்லாக் கோப்புகளையும் ஒரு பொதியாகக் கட்ட வேண்டும், கிடங்கில் ஏற்ற வேண்டும். இந்த முறை உயிர்க்குறிகளின் பட்டியலை அவர் தனிக் கோப்பாகப் பிரித்திருக்கிறார். அந்தக் கோப்பைப் பொதியில் சேர்க்கச் சொல்ல மறந்துவிட்டார். சோதனைகள் எல்லாம் பச்சை, ஏனென்றால் அவருடைய கணினியில் கோப்பு பக்கத்திலேயே இருக்கிறது. இறக்கிக்கொண்டவர்கள் எல்லாருக்கும் உடைந்த நிரலகம். பைத்தான் கிடங்கான பைபிஐ-யில் ஒருமுறை ஏற்றிய கோப்பின் பெயரில் வேறொன்றை மறுபடி ஏற்ற முடியாது, அழித்தாலும் முடியாது. 1.3.0 போனது போனதுதான். 1.3.1 என்று வேறு வெளியிட வேண்டும்.

தானியங்கி வெளியீடு இதைத் தடுக்கும் விதம் எளிமையானது. பொதுவில் இருக்கும் நிரலை மட்டும் எடுத்து இயந்திரம் பொதி கட்டுகிறது. அந்தப் பொதியை வேறொரு வெறுங்கணினியில் நிறுவுகிறது. சோதனைகளை அங்கே, அந்தப் பொதியின் மேல் ஓட்டுகிறது. பச்சை வந்தால் அதே பொதியை, ஒரு பைட்டுகூட மாற்றாமல், கிடங்குக்கு அனுப்புகிறது. சோதித்தது எதுவோ அதுவே போய்ச் சேருகிறது. ஆசிரியை செய்வது, நிரலின் இந்த நிலைதான் 1.3.0 என்று பெயரிட்டு ஒரு குறிச்சீட்டு ஒட்டுவது மட்டுமே.

பதிப்பெண்ணைத் தீர்மானிப்பது மட்டும் ஆளின் வேலையாகவே இருக்கிறது. கிட்ஹப்பை நிறுவியவர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் வகுத்த முறைப்படி, பிழையைத் திருத்தினால் கடைசி எண் ஏறும், பழையதைக் கெடுக்காமல் புதிய வசதி சேர்த்தால் நடு எண், பழையதை நம்பியிருப்பவர்களைப் பாதிக்கும் மாற்றம் என்றால் முதல் எண். 'பக்ஷி'க்கு இனி 3 என்று ஆசிரியை மனம் மாறினால் ஒரே ஒரு வரிதான் மாறும். ஆனாலும் அது 2.0.0.

அரை நொடி

2024 மார்ச் இறுதியில் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கவனித்தார். விடாமல் தோண்டினார். தரவைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' நிரலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ ரகசியக் கதவு வைத்திருந்தது தெரிந்தது. அந்தப் பதிப்புகள் லினக்ஸ் கணினிகளில் பரவலாகப் புகுந்திருந்தால், கதவு வைத்தவர் அவற்றில் இஷ்டம்போல் நுழைந்திருக்கலாம். 'ஜியா டான்' என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நல்ல உதவியாளராகப் பழகி, தனியாளாகச் சோர்ந்திருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, வெளியிடும் உரிமையையும் பெற்றிருந்தார்.

அவர் ஒளித்த விதம்தான் இந்த அத்தியாயத்துக்கு முக்கியம். தீய நிரலை, சோதனைக்காக வைக்கப்படும் கெட்டுப்போன மாதிரிக் கோப்புகளுக்குள் வைத்தார். யாரும் திறந்து படிக்காத கோப்புகள் அவை. அதை உயிர்ப்பிக்கும் வரிகளைப் பொதுவில் இருந்த நிரலில் வைக்கவே இல்லை. கையால் கட்டி வெளியிட்ட பொதியில் மட்டும் சேர்த்தார். பொதுவில் படித்தவர்கள் கண்டது ஒன்று, கணினிகளுக்குப் போனது வேறு. பொதியை இயந்திரம் பொது நிரலிலிருந்தே கட்டியிருந்தால் அந்த வரிகளையும் அவர் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்திருக்க வேண்டும். துணிந்து வைத்திருக்கவும் கூடும். ஆனால் மறைவிடம் ஒன்று குறைந்திருக்கும்.

சாவியும் சான்றும்

இயந்திரம் அனுப்ப வேண்டுமானால் கிடங்குக்கு அதை அடையாளம் தெரிய வேண்டும். பல காலம் இதற்கு நீண்ட ரகசிய எழுத்துச்சரம் ஒன்றை உருவாக்கி இயந்திரத்திடம் கொடுத்து வைத்தார்கள். திருடு போனால் திருடியவர் ஆசிரியராகிவிடுவார். பைபிஐ 2023 ஏப்ரலில் வேறு வழி கொண்டுவந்தது. இன்ன நிரலகத்தின் இன்ன வெளியீட்டுப் படியிலிருந்து வந்தால் ஏற்றுக்கொள் என்று ஆசிரியர் ஒருமுறை பதிவு செய்கிறார். வெளியிடும் தருணத்தில் அந்தப் படி ஓடுவதற்கு கிட்ஹப் சாட்சி சொல்கிறது. பைபிஐ அதை நம்பித் தற்காலிகச் சாவி தருகிறது. அதன் ஆயுள் பதினைந்து நிமிடம். 2024 நவம்பரிலிருந்து, இந்த வழியில் வரும் பொதி எந்த நிரலிலிருந்து எந்தப் படியில் கட்டப்பட்டது என்ற மின்கையொப்பமிட்ட சான்றையும் பைபிஐ சேர்த்து வைக்கிறது.

அடுத்த மாதமே அதற்குச் சோதனை வந்தது. படங்களில் உள்ள பொருள்களை அடையாளம் காணும் 'அல்ட்ராலிட்டிக்ஸ்' என்ற நிரலகத்தின் 8.3.41, 8.3.42 பதிப்புகளில், பயனர் கணினியில் திருட்டுத்தனமாகக் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் இருந்தது. தாக்கியவர்கள் யாருடைய கடவுச்சொல்லையும் உடைக்கவில்லை. வெளியார் அனுப்பும் மாற்றத்தைச் சோதிக்க எழும்பும் இயந்திரத்தையே ஏமாற்றி, பொதி கட்டும் படிக்குள் நச்சைக் கலந்தார்கள். சான்று சரியாகவே இருந்தது. அது எங்கே கட்டப்பட்டது என்று சொல்லுமே தவிர, உள்ளே இருப்பது நல்லதா என்று சொல்லாது. பராமரிப்பாளர்கள் அந்த ஓட்டையை அடைத்த சில நாட்களில் 8.3.45, 8.3.46 என்று மேலும் இரண்டு தீய பதிப்புகள் வந்தன. இவற்றுக்குச் சான்று இல்லை. ஆகவே இவை வெளியீட்டுப் படி வழியாக வரவில்லை என்பது உடனே புரிந்தது. புதிய முறைக்கு மாறிய பிறகும் யாரும் ரத்து செய்யாமல் விட்டிருந்த பழைய நிரந்தரச் சாவி ஒன்றைக் கொண்டு நேரடியாக ஏற்றியிருந்தார்கள். புதிய முறைக்கு மாறுகிறவர்கள் பழைய சாவிகளை ரத்து செய்துவிட வேண்டும் என்று பைபிஐ அதன் பிறகு பராமரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது.